சின்னக் குழாய்

ரிங்லெட்,
4.2.2024

என் தம்பி மகேனுக்கு,

நானும் உன் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். மலையில் குளிர்தான் கொஞ்சம் கூடுதல். மில்டுராவில் வெயில் நாற்பதைத் தாண்டிவிட்டதாக ரேடியோவில் கேட்டேன். ஆஸ்திரேலியா வெயில் ஆளைக் காய வைத்துவிடும் என்கிறார்கள். தொப்பி போடாமல் திராட்சைத் தோட்டத்துக்குள் இறங்காதே.

தொலைநோக்கிக்கு நீ அனுப்பிய பில்டர் பத்திரமாக வந்து சேர்ந்தது. மிக்க மகிழ்ச்சி. பழைய வெள்ளித்தாள் பில்டரில் சூரியன் அரிசி அப்பளம் மாதிரி வெளுத்துத் தெரியும். இது கண்ணாடி, பழுத்த கமலாப்பழம் போலக் காட்டுகிறது. காலை எட்டரைக்கு மேல் பனி விலகும், பதினொன்றுக்கெல்லாம் மேகம் வந்து மூடிவிடும். இரண்டுக்கும் நடுவில் கிடைப்பதுதான் எனக்கு. லய வீடுகளுக்குப் பின்னால் தண்ணீர்த்தொட்டி பக்கத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, முதல் வேலையாக பில்டரை முன்னால் மாட்டுவேன். இத்தனை வருஷம் டீ பேக்டரியில் கரண்டு வேலை பார்த்தவன் நான். மெயின் சுவிட்சை அணைக்காமல் கம்பியைத் தொட்டதில்லை. இதுவும் அப்படித்தான். பிறகு தொலைநோக்கிக் குழாயின் நிழல் தரையில் சிறு வட்டமாகச் சுருங்கும்வரை திருப்புவேன். நிழல் சுருங்கினால் சூரியன் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்று இரண்டு பெரிய புள்ளிகள், சுற்றிலும் பொடிப்பொடியாக ஏழெட்டு. ஒவ்வொரு பெரிய புள்ளிக்குள்ளும் நம் பூமியைப் போட்டு மூடலாம். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "ஐயையோ, சூரியனுக்கு அம்மை போட்டிருக்கா?" என்றாள். அண்ணி சிரித்த சிரிப்பு ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

நீ எப்போது வருவாய்? வந்தால் உனக்கும் காட்டுவேன்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். பழைய பில்டரில் கீறல் விழுந்துவிட்டது. கண்ணுக்கு ஆபத்து. முடிந்தால் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பு.

உன் நினைவாகவே இருக்கும்
அண்ணன் திருச்செல்வம்


ரிங்லெட்,
12.2.2024

அன்புத் தம்பி மகேன்,

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பேக்கிங் செக்‌ஷனில் நாள் முழுக்க நிற்பதால் கால் வீங்குகிறது. அது பழகிவிட்டது.

உன் அண்ணன் கடிதம் இதற்குள் கிடைத்திருக்கும். முதலில் பில்டர் வந்தது என்கிறார். முடிவில் பில்டர் வாங்கி அனுப்பு என்கிறார். கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்லலாமா என்று பார்த்தேன். பிறகு, நீயும் தெரிந்துகொள்ளட்டும் என்று அப்படியே உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன். பேக்டரிக்குள் போன் கூடாது என்பதால் பகலில் அது அவரிடம்தான். நான் வீட்டில் இருக்கும்போதோ என் பக்கத்தை விட்டு நகரமாட்டார். "யாருகிட்ட பேசுற? என்னைப் பத்தியா?" என்பார். அதனால்தான் கேண்டீனில் சோற்றுப் பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

ஒரு வருஷமாகவே இப்படி. தீபாவளிக்கு முன்னால் ரிங்லெட் டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் போனவர், அதை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார். மோட்டார் திருடுபோய்விட்டது என்று போலீசுக்குக் கிளம்பினார். வேலையை விட்டு ஓய்வில் உட்கார்ந்ததால் வந்த மறதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன புதன்கிழமை எனக்கு லீவு. அவர் தொட்டியடியில் நின்று, "வா வசு, இன்னிக்கு நல்லா தெரியுது" என்று கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பியவள், அடுப்படி அலமாரியைப் பார்த்தேன். பில்டர் அதன் பெட்டிக்குள் மிளகாய்த்தூள் டின் பக்கத்தில் இருந்தது. எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. அவர் குனிந்து குழாயில் கண்ணை வைக்கப் போகிறார். பின்னாலிருந்து அவர் கண்ணைப் பொத்திவிட்டேன். கோபத்தில் என் கையைத் தட்டிவிட்டார். பிறகு குழாயின் முன்பக்கம் போய்ப் பார்த்தார். அன்று முழுக்கச் சாப்பிடவே இல்லை. மறுநாள் காலை எல்லாம் மறந்துபோய், "வா வசு" என்று மறுபடியும் கூப்பிட்டார்.

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. சித்திரைக்கு ஒரு வாரம் வந்துவிட்டுப் போ. உன் அம்மா போனபோது உனக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து எங்களுக்கு நீதான் பிள்ளை, வேறு யாரும் இல்லை. நீ சொன்னால் கேட்பார். நான் சொன்னால் சண்டைதான்.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. பேக்டரி ஆபிஸ் முகவரிக்கு என் பெயரில் போடு.

காத்திருக்கும் அண்ணி
வசுமதி


மில்டுரா,
2.3.2024

பாசமுள்ள அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முதுகுவலி போய்விட்டது. நீங்கள் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நின்றுகொண்டே சாப்பிடும் பழக்கத்தை இப்போதாவது விடுங்கள்.

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். அண்ணனுக்கா இப்படி? பள்ளிக்கூடத்தில் எனக்கு வாய்ப்பாடு ஏறாதபோது மோட்டாரில் உட்கார வைத்துக்கொண்டு டீக்காட்டைச் சுற்றிச் சுற்றி மனப்பாடம் செய்ய வைத்தவர் அவர்.

அண்ணி, தொலைநோக்கியை அவரிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள். அதை எடுத்துவிட்டால் அவருக்குக் காலையில் எழுந்திருக்கவே காரணம் இருக்காது. எனக்கு ஒரு யோசனை. பில்டரைக் குழாயோடு ஒட்டிவிடுங்கள். இரும்புக்கடையில் இரண்டு டியூபாக வரும் பசை கிடைக்கும். இரண்டையும் கலந்து ஒட்டினால் உளி வைத்து அடித்தாலும் வராது. ராத்திரியில் நிலா, நட்சத்திரம் பார்க்க முடியாமல் போகும். போகட்டும். அதன் பிறகு அவர் மறந்தாலும் பயமில்லை.

இங்கே திராட்சை அறுவடை உச்சத்தில் இருக்கிறது. நான் சூப்பர்வைசர் என்பதால் நகர முடியவில்லை. சித்திரைக்கு வரப் பார்க்கிறேன். ஈப்போவில் நல்ல டாக்டராகப் பார்த்து அண்ணனைக் காட்டுங்கள்.

உங்கள் பிள்ளை
மகேன்


ரிங்லெட்,
24.3.2024

அன்புத் தம்பி மகேன்,

நீ நலமாக இருக்க மாரியம்மன் துணை இருக்கட்டும். இங்கே ஒரு வாரமாக மழை இல்லை. அதனால் வீட்டிலும் சந்தோஷம்.

ஒட்டிவிட்டோம். ஒட்டிவிட்டேன் என்று எழுதவில்லை, கவனித்தாயா? பாஞ்சாலையோடு அவரை டவுனுக்கு அனுப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். பாதியில் வந்து நின்றுவிட்டார்.

"என்னா செய்ற?"

"பில்டர் கழண்டு கழண்டு விழுதுல்ல, அதான் ஒட்டுறேன்."

"ஒட்டிட்டா நிலா பாக்க முடியாதுலா."

"நிலாவை வெறுங்கண்ணால பாத்தா ஆவாதா?"

கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பசையை வாங்கினார். "நீ கலக்குறது தப்பு. ரெண்டும் சமமா இருக்கணும்" என்று தானே கலந்து, விளிம்பு முழுக்கக் கோடு பிசகாமல் தடவி ஒட்டினார். பழைய வயர்மேன் கை. அது இன்னும் மறக்கவில்லை. முடித்துவிட்டுக் கையைத் துடைத்தபடியே, "எனக்கு மறந்து போவுதுன்னுதானே ஒட்டுற?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நல்லதுதான்" என்றார்.

ஈப்போவுக்கும் போய் வந்தோம். மூளை சுருங்கிக்கொண்டே வரும் வியாதியாம். மாத்திரை கொடுத்தால் வேகம் கொஞ்சம் குறையும், நிற்காது. அறுபது வயதிலேயே வருமா என்று கேட்டேன். சிலருக்கு வரும் என்றார் அந்த டாக்டரம்மா. "வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். என் கொழுந்தன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான், வந்துவிடுவான் என்று சொல்லி வைத்தேன்.

இப்போது நான் வேலைக்குப் போகும்போது பாஞ்சாலை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறாள். காலையில் தொட்டியடியில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவர் பாட்டுக்குச் சூரியனைப் பார்க்கிறார், தாளில் வட்டம் போட்டுப் புள்ளி வைக்கிறார். கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியத்தில் நானும் நிம்மதியாகப் பெட்டி ஒட்டுகிறேன். இந்த நிம்மதி நீ கொடுத்தது.

சித்திரைக்கு வருகிறாய்தானே? கியா பார்மில் நல்ல முட்டைக்கோஸ் சொல்லி வைக்கிறேன்.

உன்னை எதிர்பார்க்கும்
அண்ணி


மில்டுரா,
16.4.2024

பாசமுள்ள அண்ணிக்கு,

புத்தாண்டு நல்லபடியாகப் போனதா? சித்திரைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனேன். வேலை அப்படி. ஜூன் மாதம் பார்க்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்று காலை பழப்பெட்டி தூக்கும்போது திடீரென்று ஒன்று ஞாபகம் வந்து பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். தொலைநோக்கியின் மேல்பக்கம் விரல் நீளத்தில் ஒரு சின்னக் குழாய் இருக்கிறதே, அது ராத்திரியில் நட்சத்திரத்தைக் குறி வைக்க. அதற்கு பில்டர் கிடையாது. அதன் வழியாகச் சூரியனைப் பார்த்தாலும் கண் போய்விடும். அண்ணன் பகலில் அதைத் தொடவே மாட்டார், நிழலை வைத்துத்தான் திருப்புவார் என்பதால் எனக்குத் தோன்றவே இல்லை. நிழல் வித்தை அவருக்கு மறந்துவிட்டால்?

உடனே போன் போட்டேன். நீங்கள் வேலையில் இருந்தீர்கள். அண்ணன்தான் எடுத்தார்.

"அண்ணே, அந்தச் சின்னக் குழாயை கழட்டி உள்ள வச்சிருங்க. அதுல பில்டர் இல்ல."

"அட ஆமாலா. ரெண்டே ஸ்க்ரூதான். இப்பவே கழட்டிடுறேன்."

"மறந்துடாதீங்க."

"வயர்மேனுக்கே ஸ்க்ரூ கழட்டச் சொல்லித் தர்றியா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். டப்பாவில் ஸ்க்ரூடிரைவர் தேடும் சத்தம்கூடக் கேட்டது. அவ்வளவு தெளிவாகப் பேசினார் அண்ணி. நீங்கள் எழுதியதெல்லாம் வேறு யாரைப் பற்றியோ என்று இருந்தது எனக்கு.

இந்நேரம் கழற்றியிருப்பார். இருந்தாலும் நீங்கள் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் பிள்ளை
மகேன்


ரிங்லெட்,
28.4.2024

தம்பி மகேன்,

சுகம் விசாரித்து எழுத மனம் இல்லை. உன்னிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அதற்காகக் காத்திராமல் எழுதுகிறேன். இதைப் போனில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

உன் அண்ணனுக்கு வலது கண் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது, "லைட்டு ஏன் மங்கலா இருக்கு?" என்று கேட்டார். பல்பை மாற்றினேன். தேத்தண்ணீர் ஊற்றினார், கோப்பைக்கு வெளியே போனது. மறதியோடு இதுவும் சேர்ந்துவிட்டதாக்கும் என்று மேசையைத் துடைத்தேன். மறுநாள் என்னிடம் பேசும்போது தலையைக் கோழி மாதிரி ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். அப்போதுதான் சந்தேகம் வந்தது. இடது கண்ணை மூடச் சொல்லி, நான் தெரிகிறேனா என்று கேட்டேன்.

"காது தெரியுது. முடி தெரியுது. மூஞ்சி இல்ல."

பாஞ்சாலையிடம் ஓடினேன். "ஸ்டூல்ல உக்காந்து மேல இருக்கிற சின்னதுல கண்ணை வச்சிக்கிட்டு ரொம்ப நேரமா எதையோ தேடிக்கிட்டு இருந்தாரு. எப்பவும் பாக்குறதுதானே, பில்டரைத்தான் ஒட்டியாச்சேன்னு விட்டுட்டேன்க்கா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளை என்ன சொல்வது? அந்தச் சின்னக் குழாய் எதற்கு என்று எனக்கே தெரியாது. அதுவும் தொலைநோக்கியில் ஒரு பாகம் என்றுதான் இருந்தேன்.

பேக்டரி ஆபிஸ் கிராணி தன் காரிலேயே ஈப்போவுக்குக் கொண்டுபோனார். கண்ணுக்குப் பின்னால் நடுவில் சுட்டுவிட்டதாம். மருந்து கிடையாது, அறுவை கிடையாது. சில மாதம் போனால் கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம். வலிக்கவில்லையா என்று கேட்டேன். கண்ணுக்குப் பின்னால் வலி தெரியாதாம். அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அந்தச் சின்னக் குழாயைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று கழன்றிருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் தொட்டி மூடிமேல் கிடந்து துருப்பிடித்திருக்கிறது. யார் எடுத்தது, எதற்கு எடுத்தது என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை.

மகேன், இனி என்னால் தனியாக முடியாது. புறப்பட்டு வா.

அண்ணி


ரிங்லெட்,
6.5.2024

மகேன்,

உன் ஏப்ரல் கடிதம் இன்று கிடைத்தது. பேக்டரி வாசலிலேயே நின்று படித்தேன்.

இப்போது விளங்குகிறது. நீ சொன்னவுடனே கழற்றத்தான் போயிருக்கிறார். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றியிருக்கிறார். அதற்குள் எதற்காகக் கழற்றுகிறோம் என்பது போய்விட்டது.

நீ சொல்லாமல் இல்லை. அவர் கேட்காமலும் இல்லை. ஆனாலும் சாயங்காலம் நான் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து ஏன் மறுபடியும் கூப்பிடவில்லை என்று ஒரு கேள்வி நெஞ்சில் நிற்கிறது. கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன். அடித்துவிட மனம் வரவில்லை.

நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

அண்ணி


ரிங்லெட்,
15.7.2024

அன்புத் தம்பி,

நீ நன்றாக இருக்கிறாயா? இரண்டு மாதமாக ஒரு வரியும் இல்லை. பாஞ்சாலையின் போனிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று மனம் என்னென்னவோ நினைக்கிறது. என் கடைசிக் கடிதம்தான் காரணம் என்றால் அதைக் கிழித்துப் போட்டுவிடு.

கண் தேறவில்லை. நடுவில் கறுப்புப் புள்ளி ஒன்று நிற்கிறதாம். அது எப்படி வந்தது என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தினமும் புதிதாகக் கேட்டு வருத்தப்படுவார். கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார். போன வாரம் சுவர்க் காலண்டரைப் பார்த்து, "வசு, இன்னிக்குப் பெரிய புள்ளி ஒண்ணு வந்திருக்கு" என்றார். அடுப்படிச் சுவரைப் பார்த்தும் அதையே சொன்னார். பிறகு தாளை எடுத்து வட்டம் போட்டு, நடுவில் கறுப்பாகத் தீட்டி, தேதியும் எழுதினார். அதற்குப் பிறகு நான் அவருக்கு எதையும் விளக்கிச் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை கண் போன செய்தியைக் கேட்க வேண்டும் என்று அவருக்கு என்ன தலையெழுத்து?

இன்னொரு கண்ணையாவது காப்பாற்ற வேண்டுமே என்று தொலைநோக்கியை பேக்டரி ஸ்டோரில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். நீ பிடுங்காதே என்றாய். எனக்கு வேறு வழி தெரியவில்லை. தினமும் காலையில் தேடுகிறார். "திருடி, எங்க கொண்டுபோயி வித்த?" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி கத்துகிறார். இருபத்தெட்டு வருஷத்தில் என்னை அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. போன திங்கட்கிழமை போலீசில் சொல்லப் போகிறேன் என்று அணைக்கட்டு ரோட்டில் நடந்தே போய்விட்டார். பெர்த்தாம் பக்கமிருந்து வந்த காய்கறி லோரிக்காரர்தான் அடையாளம் தெரிந்து ஏற்றிக்கொண்டு வந்தார்.

இப்போது வேலைக்குப் போகும்போது கதவை வெளியில் பூட்டிவிட்டுப் போகிறேன். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கிறது. அங்கே எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நீ வரக்கூட வேண்டாம். உயிரோடு இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது.

அண்ணி


மில்டுரா,
11.8.2024

அண்ணி,

உயிரோடு இருக்கிறேன். உடம்புக்கும் ஒன்றும் இல்லை. நீங்கள் கூப்பிட்டதைப் பார்த்தேன். மூன்று தடவையும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடுத்தால் "எப்போ வர்ற?" என்று கேட்பீர்கள்.

நான் சூப்பர்வைசர் இல்லை. பழம் பறிக்கிறவன். சுற்றிப்பார்க்கும் விசாவில் வந்தேன். மூன்று மாதத்தில் அது முடிந்துவிட்டது. அன்றிலிருந்து இந்த நாட்டில் நான் இருக்கக்கூடாத ஆள். நம் ஊர்ப் பையன்கள் நிறையப் பேர் இங்கே இப்படித்தான் இருக்கிறார்கள். இன்று நினைத்தால்கூட நான் விமானம் ஏறலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் ஏறினால் மூன்று வருஷமாவது திரும்ப விடமாட்டார்கள், அதற்குப் பிறகும் நிச்சயமில்லை என்கிறார் வக்கீல்.

திரும்பாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். எனக்கு இங்கே ஒரு மகள் இருக்கிறாள் அண்ணி. மூன்று வயது. நளினி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவள் அம்மா மெலே, டோங்கா தீவுக்காரி. என்னோடு ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை செய்தவள். அவளுக்கு இங்கே இருக்க உரிமை உண்டு. அவள் அப்பா அம்மாவெல்லாம் இங்கேதான். எனக்கும் உரிமை வாங்க மனுப் போட்டிருக்கிறோம். இரண்டு வருஷமாக பதில் வரவில்லை. உங்களிடம் சொல்லாமல் ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறேன் என்று எப்படி எழுதுவது என்று தள்ளிப்போட்டேன். குழந்தை பிறந்த பிறகு இன்னும் கஷ்டமாகிவிட்டது. பிறகு அண்ணனைப் பற்றி உங்கள் கடிதம் வந்தது. அதன் பிறகு இதைச் சொன்னால், வராமல் இருக்கச் சாக்கு சொல்கிறேன் என்று ஆகிவிடும்.

ஏப்ரலில் சாயங்காலம் ஏன் திரும்பக் கூப்பிடவில்லை என்று கேட்டீர்கள். நீங்கள் எடுத்தால் "வருகிறாயா" என்று கேட்பீர்கள். அதற்குப் பயந்துதான் கூப்பிடவில்லை. வேறு காரணம் இல்லை.

மே மாதம் சூரியனில் பெரிய புயல் அடித்து, இங்கே வானமே இளஞ்சிவப்பாக மாறியது. ஊரே ரோட்டில் நின்று பார்த்தது. அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்று போன் எண்ணைத் தேடி எடுத்துவிட்டேன். அப்போதுதான் கண் ஞாபகம் வந்தது. போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஜூனில் ஒருநாள் டிக்கெட் எடுத்தும்விட்டேன். பையில் துணி அடுக்கிக்கொண்டிருக்கும்போது குழந்தை அதற்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. விளையாட்டாகத்தான். என்னால் போக முடியவில்லை.

வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், வந்துவிடுகிறேன். முடிவை உங்கள் தலையில் கட்டுகிறேன் என்று தெரியும். எனக்கு வேறு விதமாகத் தெரியவில்லை. படம் ஒன்று வைத்திருக்கிறேன்.

மகேன்


ரிங்லெட்,
9.9.2024

அன்புத் தம்பி மகேனுக்கும், மருமகள் மெலேவுக்கும், குழந்தை நளினிக்கும்,

எல்லாரும் சுகமாக இருங்கள்.

கடிதம் வந்த அன்று உன்மேல் வந்த கோபத்தில் படத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆறு வருஷம் வளர்ந்த பொய். அதில் மூன்று வருஷமாக ஒரு குழந்தையும். இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்துப் பார்த்தேன். நெற்றி உங்கள் அம்மாவுடையது. முடி மட்டும் அந்தப் பக்கத்துச் சுருட்டை. படத்தைச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அண்ணனிடமும் சொன்னேன். "மகேனுக்குப் பொண்ணு பொறந்திருக்கு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். "மகேனுக்கா? அவன் மூணாம் வகுப்புலா படிக்கிறான்!" என்றார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மாதமாக அவர் சாயங்காலமானால் சட்டை மாற்றிக்கொண்டு முச்சந்திக்குப் போகிறார். பள்ளிக்கூட லோரியில் நீ வருவாயாம். இப்போது பள்ளிக்கூட லோரியே கிடையாது. பிள்ளைகளெல்லாம் வேனில் வந்து இறங்கிப் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு முகமாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். பிள்ளைகள் பயந்து ஓடுகின்றன. நானும் கூடவே போய் நிற்கிறேன். இருட்டத் தொடங்கும்போது, "இன்னிக்கு டியூசன் இருக்காம், லேட்டாத்தான் வருவானாம், வாங்க" என்பேன். "சாப்பிட்டுப் போனானா?" என்று கேட்டுக்கொண்டே வந்துவிடுவார்.

நீ விமானம் ஏறி வந்து அவர் முன்னால் நின்றால், இந்தப் பெரிய ஆள் யார் என்று கேட்பார். அவர் தேடுகிறவனை உன்னாலும் கொண்டுவர முடியாது. அதனால் அவருக்காக நீ வர வேண்டாம். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு வரச் சொல்லும் கல்நெஞ்சம் எனக்கு இல்லை. வா என்று ஒரு வார்த்தை கேட்டாய். நான் எழுத மாட்டேன்.

எனக்காக என்றால் அது வேறு. உன்னை நன்றாக அடையாளம் தெரிகிற ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள். அதை எழுதி அனுப்பினால் நீ வந்துவிடுவாய் என்பதும் தெரியும். அதனால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். மனு என்ன ஆகிறது என்று மட்டும் எழுதிக்கொண்டிரு.

தொலைநோக்கியைக் கேட்டு இப்போது சண்டை கிடையாது. போன மாதத்தோடு தேடுவதை விட்டுவிட்டார். வெயில் அடித்த ஒரு காலையில் நானே ஸ்டூலை எடுத்துத் தொட்டியடியில் போட்டுப் பார்த்தேன். அதில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தித் தேடியபோது எப்போதடா மறப்பார் என்று இருந்தது எனக்கு. மறந்த பிறகு, ஒரு முறையாவது திருடி என்று கூப்பிட மாட்டாரா என்று இருக்கிறது.

பேக்டரி துரையிடம் பேசி வேலையை அரை நாளாக மாற்றிக்கொண்டேன். கதவை இப்போது பூட்டுவதில்லை. பாஞ்சாலை உள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் போனுக்குக் கூப்பிடு. நீ பேச வேண்டும் என்றுகூட இல்லை. குழந்தை பேசட்டும். எந்த பாஷையானாலும் சரி.

நேற்று மத்தியானம் சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்ததும் தட்டை அவரே கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். விருந்தாளி மாதிரி தயங்கி நின்றுகொண்டு, "உங்க வீட்டுக்காரரு எங்கம்மா வேலை செய்யிறாரு?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"டீ பேக்டரியில, வயர்மேன்" என்றேன்.

"நல்ல வேலை" என்றார். "ஆனா கரண்டு வேலைம்மா. பாத்து செய்யச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு இதை மெலேவுக்கும் படித்துச் சொல்.

என்றும் உன் அண்ணி
வசுமதி